காரின் உட்புறப் பிளாஸ்டிக்: மாற்றுவதா, பெயிண்ட் அடிப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் நன்றாக ஓடுகிறது, வெளிப்புறமும் பளபளக்கிறது. ஆனால் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்ததும் அதன் வயது தெரிந்துவிடுகிறது: நகம் கீறிய கைப்பிடி, வெளுத்த டாஷ்போர்டு, எழுத்து அழிந்த பொத்தான்கள், முன்னிருக்கைகளுக்கு நடுவே விரலோடு ஒட்டும் கன்சோல். இவற்றைச் சரிசெய்ய நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே உள்ளன.

மாற்றுவதா, பெயிண்ட் அடிப்பதா? எதை வைத்து முடிவு செய்வது?

அந்தப் பாகத்தின் மீது தினமும் கை படுகிறதா, கண் மட்டும் படுகிறதா என்று பாருங்கள். என் கணக்கில் முக்கால்வாசி முடிவு இதிலேயே வந்துவிடும்.

கதவை இழுத்து மூடும் கைப்பிடி, கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சைச் சுற்றியுள்ள பேனல், கியர் லீவரின் சட்டம், கை வைக்கும் திட்டு ஆகியவற்றில் மோதிரம், நகம், வியர்வை, கிரீம் எல்லாம் ஓயாமல் உராய்கின்றன. எவ்வளவு கவனமாக அடித்தாலும் முதலில் தேய்வது அங்கேதான். பாகம் கிடைக்குமென்றால் மாற்றிவிடுவது நல்லது. கூரையைத் தாங்கும் தூண்களை மூடும் பேனல்கள், டாஷ்போர்டின் கீழ்ப்பகுதி, கன்சோலின் பக்கவாட்டுகள், ஸ்பீக்கர் மூடிகள் ஆகியவற்றை யாரும் அதிகம் தொடுவதில்லை. ஒழுங்காக அடித்த பெயிண்ட் அங்கே பல ஆண்டுகள் நிற்கும்.

விதிவிலக்குகள் உண்டு. விரிசல் விட்டிருந்தாலோ, பாகத்தைக் காரில் மாட்டப் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் முறிந்திருந்தாலோ, வெப்பத்தில் வளைந்திருந்தாலோ பெயிண்ட்டால் பயனில்லை. பழைய மாடலுக்குப் பாகமே வருவதில்லை என்றால் கைப்பிடியாக இருந்தாலும் பெயிண்ட்தான் வழி. அவ்வப்போது மேல்பூச்சு கொடுக்க நேரும் என்று தெரிந்தே இறங்குங்கள்.

தேய்ந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது? அழுக்காகவும் இருக்கலாம் அல்லவா?

இருக்கலாம். பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பெயிண்ட் வாங்கிவிடுகிறார்கள். பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் தோல் போன்ற நுண்ணிய வரிகள் இருக்கும். கையின் எண்ணெயும் தூசியும் அந்தப் பள்ளங்களில் நிறைந்துவிட்டால் பரப்பு வழவழப்பாகிப் பளபளக்கும். மென்மையான பிரஷ்ஷையும் உட்புறச் சுத்தத்துக்கான திரவத்தையும் கொண்டு தேய்த்துத் துடைத்து, காய விட்டுப் பாருங்கள். வரிகள் திரும்பத் தெரிந்தால் அது அழுக்குதான். வரிகளே இல்லாமல் மொழுக்கென்று இருந்தால் உண்மையிலேயே தேய்ந்துவிட்டது.

வெளுப்பு வேறு விஷயம். புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல்படலத்தைச் சிதைக்கிறது. வெயிலில் மூடி நிறுத்திய காரின் டாஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தொடுவதும் உண்டு, அந்த வெப்பம் சிதைவை வேகப்படுத்துகிறது. துடைத்த ஈரம் காய்ந்ததும் சாம்பல் நிறம் திரும்பி வந்தால் அழுக்கு காரணமல்ல.

என் காரில் இருப்பது எந்த வகைப் பிளாஸ்டிக்? அது தெரிந்தாக வேண்டுமா?

கட்டாயம் தெரிய வேண்டும். பெயிண்ட் ஒட்டுமா உரியுமா என்பது பிராண்டை விட இதையே அதிகம் சார்ந்திருக்கிறது.

பாகத்தைக் கழற்றித் திருப்பினால், பின்பக்கத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். பிபி என்றிருந்தால் பாலிபுரோப்பிலீன். ஏபிஎஸ் என்றிருந்தால் அதே பெயர் கொண்ட கடினமான பிளாஸ்டிக். பிசி, ஏபிஎஸ் இரண்டும் சேர்ந்திருந்தால் பாலிகார்பனேட் கலந்தது. பிபியை அடுத்து ஈபிடிஎம் என்று வந்தால் ரப்பர் கலந்திருக்கிறது. டி20, டிடி20 போன்ற குறிகள் 20 சதவீதம் டால்க் பொடி சேர்த்திருப்பதைச் சொல்கின்றன.

ஏபிஎஸ் பெயிண்ட்டுக்கு இணங்கும். லேசாகத் தேய்த்துச் சுத்தம் செய்தால் பிளாஸ்டிக் பிரைமர் என்ற அடிப்பூச்சு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பாலிபுரோப்பிலீன் அப்படியல்ல. அதன் பரப்பு ஆற்றல் மிகக் குறைவு. பல திரவங்கள் அதன்மேல் பரவ விரும்பாமல் உருண்டு நிற்கும். அதற்கு அட்ஹீஷன் புரமோட்டர் என்ற இடைப்பூச்சு தேவை. அதில் இருக்கும் குளோரின் ஏற்றிய பாலிஓலிபின் ஒருபுறம் பாலிபுரோப்பிலீனோடும் மறுபுறம் பெயிண்ட்டோடும் ஒட்டும். இதைத் தவிர்த்துவிட்டு அடித்த பெயிண்ட் முதல் வாரம் அழகாக இருக்கும். பிறகு நகத்தால் சுரண்டினாலே தோலாக உரியும்.

குறியீடு இல்லாத பாகத்துக்கு, ஒரு சிறு துண்டை நீரில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள்: மிதந்தால் பாலிபுரோப்பிலீன், மூழ்கினால் ஏபிஎஸ். தூய பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி 0.9, ஏபிஎஸ்ஸின் அடர்த்தி சுமார் 1.05 என்பதால் கொள்கை சரிதான். ஆனால் கார்களில் வருவது பெரும்பாலும் டால்க் கலந்தது. 20 சதவீதம் டால்க் சேர்ந்த பாலிபுரோப்பிலீனும் மூழ்கிவிடும். எனவே மிதந்தால் நம்பலாம், மூழ்கினால் நம்ப முடியாது. சுரண்டி எரித்து வாசனை பார்க்கும் முறையும் உண்டு. அந்தப் புகையை மூக்கருகே கொண்டுபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. சந்தேகம் இருந்தால் புரமோட்டர் அடித்துவிடுங்கள். பெரும்பாலான தயாரிப்புகள் ஏபிஎஸ் மீதும் அடிக்க ஏற்றவை. கேனின் மேல் ஒருமுறை படித்துக்கொண்டால் போதும்.

கன்சோலும் பொத்தான்களும் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன. துடைத்தும் போகவில்லையே?

அது அழுக்கல்ல. தொடுவதற்கு மெத்தென்று இருக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் அடித்த பாலியூரித்தேன் பூச்சு, காற்றின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் கையின் எண்ணெயாலும் சிதைந்து பசையாக மாறியிருக்கிறது. சன்ஸ்கிரீனும் கொசு விரட்டும் கிரீம்களும் இதை வேகப்படுத்தும். சிதைந்த பூச்சை மீட்க முடியாது. சோப்பு, பவுடர் எல்லாம் சில நாள் ஆறுதல்தான்.

முழுவதும் அகற்றுவதே தீர்வு. 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துப் பரப்பின்மேல் சற்று நேரம் வைத்திருங்கள். பூச்சு கரைந்து கறுப்புச் சேறாக வரும். துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ஒரே துணியால் தேய்த்தால் பசையை இடம் மாற்றுவதுதான் நடக்கும். முதலில் மறைவான மூலையில் சோதித்துப் பாருங்கள். பொத்தானில் அச்சிட்ட குறிகள் பூச்சோடு சேர்ந்து போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அசிட்டோன் கூடாது. நகப்பூச்சு நீக்கியிலும் அது இருக்கலாம். ஏபிஎஸ்ஸையும் பாலிகார்பனேட்டையும் அது கரைத்துவிடும்.

பூச்சு போன பிறகு அடியில் இருப்பது பெரும்பாலும் வழவழப்பான வெறும் பிளாஸ்டிக். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. பார்வைக்குப் பிடிக்கவில்லை என்றால் பளபளக்காத மேட் பெயிண்ட் அடிக்கலாம்.

சென்ற முறை அடித்த பெயிண்ட்டில் சிறு சிறு பள்ளங்கள் விழுந்தன. ஏன்?

சிலிக்கோன். டாஷ்போர்டைப் பளபளப்பாக்கும் பாலிஷ்களில் பலவற்றில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. அது இருக்குமிடத்தில் பெயிண்ட் விலகி, மீன்கண் போன்ற வட்டப் பள்ளங்களாக நிற்கும். மேலும் மேலும் அடித்து மூட முயன்றால் பள்ளம் பெரிதாகும்.

வேலையின் வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். பிறகு பெயிண்ட் வேலைக்கான மெழுகு, எண்ணெய் நீக்கியை ஒரு துணியால் தடவி, அது உலர்வதற்குள் இன்னொரு துணியால் துடையுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே உப்புத்தாள். எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால் சிலிக்கோனைக் கீறல்களுக்குள் நீங்களே திணிக்கிறீர்கள். அதன் பிறகு எடுப்பது மிகக் கடினம். தேய்த்த தூசியை அகற்ற மறுபடியும் ஒருமுறை நீக்கி. கையில் நைட்ரைல் கையுறை இருக்கட்டும். பெயிண்ட் அடிக்கும் அறையில் வேறு யாரும் பாலிஷ் ஸ்ப்ரேயைத் திறக்கக் கூடாது.

எந்தப் பெயிண்ட் வாங்குவது? வீட்டில் மீதமிருக்கும் ஸ்ப்ரே போதாதா?

வீட்டு எனாமல் உலர மிக நேரம் எடுக்கும், காய்ந்தபின் கடினமாகி உடையும். உட்புற வேலைக்கென்றே பிளாஸ்டிக், வினைல், தோல் மூன்றுக்கும் பொருந்தும் நெகிழ்வான பெயிண்ட்கள் கிடைக்கின்றன. அவை மிக மெல்லிய படலமாக உட்கார்வதால் பரப்பின் வரிகளை மூடாது. வரியுள்ள பாகத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. வழவழப்பான ஏபிஎஸ் சட்டங்களுக்கு பிரைமர், நிறப்பூச்சு, மேட் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) என்ற வழக்கமான வரிசை போதும்.

நிறம் பற்றி: காரின் வெளிப்புறப் பெயிண்ட்டின் எண் உட்புறத்துக்கு உதவாது. உட்புற நிறத்துக்குத் தனிக் குறியீடு உண்டு; பல கார்களில் கதவுச் சட்டத்தில் அல்லது எஞ்சின் அறையில் உள்ள தகட்டில் இருக்கும். உதாரணமாக டொயோட்டா தகடுகளில் நிறமும் உட்புறமும் ஒரே வரியில் அடுத்தடுத்து வரும். குறியீடு கிடைத்தாலும் வெயிலில் வெளுத்த பக்கத்துப் பேனலோடு புது நிறம் பொருந்தாது. ஒன்றை ஒன்று தொடும் பாகங்களை ஒரே நேரத்தில் அடிப்பதே நல்லது.

பளபளப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டாஷ்போர்டின் மேற்பரப்புக்கு மினுமினுப்பான பெயிண்ட் அடித்தால் வெயிலில் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். வெளிர் நிறமும் இதையே செய்யும். அங்கே அடர் நிற மேட் தவிர வேறெதுவும் வேண்டாம்.

கடினமாக்கி என்ற இரண்டாவது திரவத்தைக் கலந்து அடிக்கும் கிளியர் கோட் மிக உறுதியானதுதான். ஆனால் அந்தக் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மூச்சுக்குழாயை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. துணி முகக்கவசமும் தூசிக் கவசமும் அதற்கு எதிராக எதுவும் செய்யா. அந்த அளவு உறுதி தேவைப்படும் பாகத்தைப் பெயிண்ட் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

அடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

சுத்தம் முடிந்த வழவழப்பான பாகத்தை 600 அல்லது 800 எண் உப்புத்தாளால் நீர் தொட்டுத் தேய்த்து மங்கலாக்குங்கள். ஆழக் கீறல் இருந்தால் அங்கு மட்டும் 400இல் தொடங்கலாம். வரியுள்ள பாகத்துக்கு உப்புத்தாள் வேண்டாம். அது மேடுகளை மட்டும் சீவும். சாம்பல் நிறத் தேய்ப்புப் பஞ்சு பள்ளங்களுக்குள்ளும் போகும்.

பாலிபுரோப்பிலீனாக இருந்தால் புரமோட்டரை மிக மெல்லியதாக அடித்து, அதைத் தேய்க்காமல், கேனில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் அடுத்த பூச்சைத் தொடங்குங்கள். அந்த இடைவெளி தவறினால் புரமோட்டரை மறுபடி அடிக்க வேண்டும்.

கேனை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்து நன்றாகக் குலுக்கினால் துளிகள் நுண்ணியதாக வரும். கொதிநீர் கூடாது; 50 டிகிரிக்கு மேல் சூடானால் கேன் வெடிக்கக்கூடும். 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில், பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுமாறு கையை ஓட்டுங்கள். முதல் பூச்சு தூவியதுபோல் அடியில் உள்ள நிறம் தெரிய இருக்க வேண்டும். இங்கேதான் பொறுமை போய்விடும். ஒரே பூச்சில் மறைக்கத் தோன்றும். தடித்த ஒரு பூச்சு வழியும், வரிகளை நிரப்பும், உள்ளே கரைப்பான் சிக்கி நாட்கணக்கில் மென்மையாகவே இருக்கும். மெல்லிய மூன்று நான்கு பூச்சுகள், நடுவில் பத்து நிமிடம்.

ஈரப்பதம் அதிகமான நாளில் அடித்தால் பெயிண்ட் பால்போல் வெளுக்கலாம். எரியும் அடுப்பு, ஹீட்டர் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. காற்றோட்டமான இடமும் கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசமும் தேவை.

கழற்றாமல், மறைப்புத் தாள் ஒட்டி உள்ளேயே அடிக்கலாமா?

வேண்டாம். பெயிண்ட் தூசி நீங்கள் நினைக்காத இடத்தில் எல்லாம் படியும், மூடிய காருக்குள் ஆவி தேங்கும், ஓரங்களில் நாடா எடுத்த கோடு தெரியும். கழற்றவே முடியாத பாகத்தில் சிறு திருத்தம் என்றால், பெயிண்ட்டைப் பஞ்சில் எடுத்து ஒற்றுவது போதும்.

கழற்றும்போது கிளிப்புகள் உடைந்துவிடுகின்றனவே?

குளிர்ந்த பிளாஸ்டிக் உடையும், வெதுவெதுப்பானது வளையும். கார் வெயிலில் நின்றபின் கழற்றுங்கள், அல்லது முடி உலர்த்தியால் ஓரத்தைச் சூடாக்குங்கள். திருப்புளியை நுழைத்து நெம்பினால் ஓரத்தில் மறையாத தடம் விழும். நைலான் நெம்பிகள் விற்கின்றன. மூடிகளுக்கும் ரப்பர் பாய்களுக்கும் அடியில் ஒளிந்திருக்கும் ஸ்குரூக்களை முதலில் தேடி எடுங்கள். "கிளிப் உடைந்தது" என்று சொல்லப்படும் பல சம்பவங்களில் உண்மையில் நடந்தது, எடுக்காத ஒரு ஸ்குரூவோடு நடந்த மல்லுக்கட்டு.

கிளிப்புகள் மலிவானவை. சில கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். உலோகக் கிளிப் பேனலோடு வராமல் காரின் உடலிலேயே தங்கிவிட்டால், இடுக்கியால் எடுத்து மறுபடி பேனலில் மாட்டிய பிறகே பொருத்த வேண்டும்.

ஏர்பேக் இருக்கும் பாகங்களைத் தொடலாமா?

ஸ்டீயரிங் நடுவிலும், பயணியின் முன்னால் உள்ள டாஷ்போர்டிலும், பல கார்களில் தூண் பேனல்களுக்குப் பின்னாலும் ஏர்பேக் இருக்கிறது. அந்தப் பேனலில் ஏர்பேக் என்று எழுத்தும் வார்த்திருக்கும். ஏர்பேக் விரியும்போது அந்த மூடி குறிப்பிட்ட கோட்டில் கிழிய வேண்டும் என்று கணக்கிட்டுச் செய்திருக்கிறார்கள். அதன்மேல் தடித்த பெயிண்ட், புட்டி, ஒட்டுப்படலம் எதுவும் போடக் கூடாது. போட்டால் கிழிவது தாமதமாகலாம், சில்லுகள் முகத்தில் தெறிக்கலாம். ஏர்பேக் மூடியில் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: சுத்தம் செய்யுங்கள், பெயிண்ட் வேண்டாம்.

அருகில் உள்ள பாகத்தைக் கழற்றுவதற்கும் ஒழுங்கு உண்டு. சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்து, காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். மின்தேக்கியில் சேமித்த மின்சாரம் வடிய வேண்டும். ஏர்பேக் இணைப்பைக் கழற்றிய நிலையில் சாவியைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பிழை பதிவாகிவிடும். தூண் பேனல்களைப் பிடித்திருக்கும் சில கிளிப்புகள், ஏர்பேக் விரியும்போது பேனல் பறக்காமல் கட்டி வைப்பவை. ஒருமுறை கழற்றினால் புதியது போட வேண்டிய வகை. ஒத்த அளவில் வேறு கிளிப்பை அங்கே திணிக்காதீர்கள்.

ஆழமான கீறலைப் புட்டி போட்டு நிரப்பலாமா?

வழவழப்பான பாகத்தில் நெகிழ்வான பிளாஸ்டிக் புட்டியால் நிரப்பலாம். வரியுள்ள பரப்பில் நிரப்பிய இடம் மொழுக்கென்று தனியாகத் தெரியும். வரிகளைப் போலத் தோற்றம் தரும் ஸ்ப்ரேக்கள் உண்டு. முழுப் பாகத்துக்கும் அடித்தால் ஓரளவு ஒப்பேறும், ஒரு மூலைக்கு மட்டும் அடித்தால் கீறலை விட அதுவே கண்ணில் படும். இதில் நான் மாற்றும் பக்கம்.

விரிசலையும் முறிந்த காதையும் ஒட்ட முடியுமா?

ஏபிஎஸ் என்றால் நன்றாக ஒட்டலாம். அதே பிளாஸ்டிக்கின் துகள்களை அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கி, பின்பக்கமிருந்து விரிசலில் பூசினால் பாகத்தோடு ஒன்றாகிவிடும். மேலே கூடாது என்று சொன்ன அசிட்டோன் இங்கே அதே காரணத்தால் பயன்படுகிறது. பாலிபுரோப்பிலீனை அசிட்டோன் கரைக்காது. சாதாரணப் பசைகளும் பிடிக்காது. அதற்கு அதே வகைக் குச்சியை வைத்து வெப்பத்தால் உருக்கி இணைக்க வேண்டும், அல்லது சூடேற்றிய உலோகத் தையலைப் பின்பக்கம் பதிக்க வேண்டும். உடனடிப் பசையை முன்பக்கத்துக்கு அருகே தாராளமாக விட்டால், அதன் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலமாகப் படியும்.

பொத்தான்களில் குறிகள் அழிந்துவிட்டன. பெயிண்ட் அடிக்கலாமா?

முடியாது. இரவில் ஒளிரும் பொத்தான் என்பது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கின்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்து, குறியின் வடிவத்தில் லேசரால் சுரண்டி எடுத்தது. அதன்மேல் அடித்தால் குறி மறைந்துவிடும். புதுப் பொத்தான், அல்லது அந்த மாடலுக்கென்று வெட்டிய ஸ்டிக்கர்.

பளபளக்கும் பியானோ கறுப்புச் சட்டத்தில் சிலந்திவலை போலக் கீறல்கள்?

நுண்ணிய பாலிஷும் மைக்ரோபைபர் துணியும் கொண்டு கையாலேயே தேய்த்தால் பெருமளவு குறையும். கொஞ்சம் ஆழமானதற்கு 3000 எண் உப்புத்தாளால் நீர்விட்டு லேசாகத் தேய்த்து, பிறகு பாலிஷ். உலர்ந்த துணியால் தூசி துடைப்பதை நிறுத்தாதவரை கீறல்கள் திரும்ப வந்துகொண்டே இருக்கும். பாலிஷ் முடிந்ததும் வெளிப்படையான பாதுகாப்புப் படலம் ஒட்டிவிடுவது நல்லது.

பழைய காரிலிருந்து கழற்றிய பாகம் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், கைப்பிடி போன்றவற்றுக்குப் பல நேரம் அதுவே சிறந்த வழி. பின்பக்கத்தில் உள்ள பாக எண்ணை ஒப்பிடுங்கள். ஒரே மாடலிலேயே இடையில் தோற்றம் மாறியிருக்கும். இடப்பக்க ஸ்டீயரிங் காரின் பாகம் வலப்பக்கக் காருக்குக் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். முன்பக்கத்தைவிடப் பின்புறக் காதுகளின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். நிறம் வேறாக இருந்தால் கவலை வேண்டாம், பெயிண்ட் அடிக்கலாம். காது முறிந்த சரியான நிறத்தை விட, காதுகள் முழுதாக உள்ள தவறான நிறம் மேல்.

வெப்பத் துப்பாக்கியால் சூடாக்கினால் கறுப்பு திரும்பும் என்கிறார்களே?

வெளிப்புறக் கறுப்பு பம்பரில் சில காலம் பலன் தெரியும். உட்புறத்தில் மேற்பரப்பு உருகி வரிகள் மொழுக்காகி, அந்த இடம் மட்டும் பளபளக்கும். வளைத்ததால் வந்த வெள்ளைத் தழும்புக்கு மட்டும் முடி உலர்த்தியின் மிதமான சூடு கொஞ்சம் உதவும்.

அடித்த பாகத்தை எப்போது காரில் பொருத்தலாம், எப்படித் துடைப்பது?

அரை மணி நேரத்தில் தொட்டால் காய்ந்தது போலிருக்கும், அதை நம்பாதீர்கள். ஒரு நாள் கழித்துக் கையாளலாம். முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும். அவசரமில்லை என்றால் அந்த வாரத்தை வெளியே காற்றோட்டத்தில் கழியவிடுங்கள். முன்னதாகப் பொருத்தினால் மீதமுள்ள கரைப்பான் வெயிலில் ஆவியாகிக் காருக்குள் நெடியடிக்கும், கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலமாகப் படியும்.

பொருத்திய முதல் மாதம் ஈரத்துணி மட்டும் போதும். அதன் பிறகும் ஆல்கஹால் கலந்த துடைப்புத் தாள்களை அந்தப் பாகத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கடினமாக்கி கலக்காத பெயிண்ட்டை அவை மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவிடும்.